வியாழன் இரண்டு மணிக்கு அடக்கம்

சட்டம் வந்தபோது எங்கள் ஊரில் செத்தவர் யாரும் இல்லை. அதுதான் முதல் சிக்கல்.

செப்பனியா பெப் அந்தச் சட்டத்துக்காகப் பத்தொன்பது வருஷம் உழைத்தவர். வேல்ஸில் எங்கள் லான்வெரினில் துணிக்கடை, ஜெபவீட்டில் முன்பெஞ்சு, சுற்றுவட்டாரத்தில் எங்கே கூட்டம் நடந்தாலும் மேடையில் ஒரு நாற்காலி. இங்கிலாந்துச் சபையில் சேராத எங்கள் ஜெபவீட்டு ஆட்களையும் பங்குக்கோயில் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கலாம். ஆனால் குழிக்குப் பக்கத்தில் நின்று வாய் திறக்கும் உரிமை இங்கிலாந்துச் சபையின் பாதிரியாருக்கு மட்டும்தான் என்று இருந்தது. அதை மாற்ற பெப் மனு எழுதினார், கையெழுத்து வாங்கினார், ஒருமுறை லண்டனுக்கே போய்வந்தார். அங்கே அவர் பார்த்தது பாராளுமன்றத்தின் ஒரு பக்கக் கதவையும் அதன் காவலாளியையும்தான். இருந்தாலும் அந்தக் கதவைப் பற்றி மூன்று மாவட்டங்களில் உரையாற்றினார்.

1880 செப்டம்பரில் சட்டம் நிறைவேறியது. பாதிரியாருக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் போதும், எங்கள் போதகரே அங்கே நின்று ஜெபிக்கலாம், எங்கள் பாட்டை நாங்களே பாடலாம். பெப் அந்தச் சட்டத்தை வெல்ஷ் மொழியில் முந்நூறு தாள் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார். அடியில் அவர் பெயர் சட்டத்தைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, வெண்ணெய் சுற்ற எடுத்து வைத்தார்கள்.

நான் ரைனால்ட். பங்குக்கோயிலுக்குக் குழி வெட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டின் கடைசி பெஞ்சில் உட்காருகிறவன். இரண்டு தரப்பும் என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்ததால், இரண்டு தரப்பும் என் முன்னால் தாராளமாகப் பேசும்.

அக்டோபர் முதல் வாரம் ஜெபவீட்டில் சபைக் கூட்டம். ஜெபம் முடிந்ததும் பெப் எழுந்தார்.

"பக்கத்து ஊர் அபர்க்ளெட்காரங்க நம்மள முந்திடுவாங்க போல இருக்கு. அங்க ஒரு கிழவிக்குப் பத்து நாளா தண்ணி மட்டும்தான் இறங்குதாம். புதுச் சட்டத்துல மாவட்டத்துக்கே முதல் அடக்கம் அவங்களோடதுன்னு ஆயிடும். நம்ம பக்கம் யாருக்கு உடம்பு சரியில்ல?"

"ஆலைவீட்டு மால்ட்டுக்கு மூச்சிரைப்பு," என்றாள் ஒருத்தி.

"அவ ஒம்பது வருஷமா செத்துக்கிட்டிருக்கா. அவள நம்பி இறங்க முடியாது."

மால்ட் அந்த வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்பதுபோல் இருமினாள்.

அப்போதுதான் யாரோ மடோக்கின் பெயரைச் சொன்னார்கள். மலைச்சரிவில் கல் அடுக்கிச் சுவர் கட்டுகிறவர் மடோக், வயது அறுபத்தாறு. நெஞ்சில் சளி இறங்கிவிட்டது, ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொன்னாராம். கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியது. உடனே ஒரு சங்கடமும் பரவியது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், இதே அறையில், மடோக்கை சபையை விட்டு நீக்கியிருந்தோம்.

குற்றம் பெரிதில்லை. கல்யாணமான நாலாவது மாதம் அவர் மனைவி ஷோனெட்டுக்குக் குழந்தை பிறந்தது. அன்றைக்கு எழுந்து நின்று, "இந்த அழுக்கை வெளியே தள்ள வேண்டும்" என்று முன்மொழிந்தவர் இருபத்திநாலு வயது செப்பனியா பெப். நீக்கப்பட்டவனின் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க எங்கள் போதகர் மறுத்தார். ஒன்பதாம் நாள் குழந்தை செத்துப்போனது. ஞானஸ்நானம் இல்லாத குழந்தைக்கு ஜெபம் சொல்ல அன்றைய பாதிரியார் மறுத்தார். வடக்குச் சுவரோரம், வெயில் படாத இடத்தில், என் அப்பா ஒரு சின்னக் குழி வெட்டினார். சவப்பெட்டிக்குப் பதிலாக ஒரு வெண்ணெய்ப் பெட்டி; அதை மடோக்கே இறக்கினார். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் வரவே இல்லை. அன்றிலிருந்து மடோக் இரண்டு வாசலையும் மிதித்ததில்லை.

"பழசு பழசாவே இருக்கட்டும்," என்றார் பெப். "சகோதரர் மடோக்கத் திரும்பச் சேர்த்துக்கலாம்னு நான் முன்மொழியறேன்."

"அவரு கேட்டாரா?" என்றேன் கடைசி பெஞ்சிலிருந்து.

"சாகப்போறவன் எப்படிப்பா எழுந்து வந்து கேப்பான்?"

எல்லாக் கையும் உயர்ந்தது. என் கையும்தான்; நான் வீரன் இல்லை.

திங்கட்கிழமை அபர்க்ளெட் கிழவிக்கு நினைவு தப்பிவிட்டதாகத் தகவல் வந்தது. பெப் கணக்குப் போட்டார். மடோக் இன்னும் சாகவில்லை. ஆனால் செத்த பிறகு நோட்டீஸ் கொடுத்தால் இரண்டு முழு நாள் வீணாகும். செவ்வாய் மதியமே கொடுத்துவிட்டால், அன்று ராத்திரியோ புதன்கிழமையோ மடோக் போனாலும் வியாழன் இரண்டு மணிக்கு அடக்கம் செய்துவிடலாம். இதில் பொய் எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் அவசரம் மட்டும்தான். செவ்வாய் மதியம் நாலு சாட்சிகளோடு பாதிரியார் வீட்டுக் கதவைத் தட்டித் தாளைக் கையில் கொடுத்தார்.

பாதிரியார் ப்ரைஸ்-கென்ரிக் அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் ஆக்ஸ்போர்டில் படித்தவர். எங்கள் மொழியைப் பைபிளில் இருந்து கற்றுக்கொண்டதால் கோழிக்கு விலை கேட்டாலும் ஏசாயா தீர்க்கதரிசி கேட்பதுபோல் இருக்கும்.

"மடோக் என்பவன் மரித்தானாம். அவன் வீட்டாரைக் கண்டு ஆறுதல் சொல்வேன். நீயும் என்னோடே வா."

ஆறுதல் சொல்லப் போகவில்லை. செத்தவன் பங்குக்கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவன் என்று மகளிடம் எழுதி வாங்கப் போனார். வாங்கிவிட்டால் நோட்டீஸை எதிர்க்கலாம் என்று நினைத்தார்.

கதவைத் திறந்தது மடோக். தோளில் போர்வை, கையில் மோர்க் கிண்ணம்.

பாதிரியார் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

"நீர் மரித்தீர் என்று எனக்கு அறிவிக்கப்பட்டது."

"எனக்கு யாரும் சொல்லலியே," என்றார் மடோக். "உள்ள வாங்க. கத்ரின், பாதிரியார் வந்திருக்காரு. என் சாவுக்கு."

கத்ரின் அவருடைய மகள். முப்பது வயது, விதவை, பெப்பின் கடைக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறவள். ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. மடோக் நோட்டீஸைக் கேட்டார். கண்ணாடி இல்லாததால் நான் படித்தேன். "அடக்கத்துக்குப் பொறுப்பானவர்: செப்பனியா பெப். இறந்தவருக்கு உறவு: நண்பர்."

"நண்பர்னா போட்டிருக்கான்?"

"ஆமா பெரியவரே."

"முப்பத்தெட்டு வருஷமா எதிர்ல வந்தா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போறவன்." மடோக் மோரைக் குடித்து முடித்தார். "வியாழன் ரெண்டு மணி. நல்ல நேரம்தான். மழை இல்லாம இருக்கணும்."

பாதிரியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. உயிரோடிருக்கிறவனுக்குப் பொய் நோட்டீஸ். பெப்பின் கழுத்து கைக்கு எட்டிவிட்டது. "நீர் நம்முடைய சபையின் மகன் என்று இதில் கையொப்பமிடும். உம்முடைய காலம் வரும்போது நானே உம்மை அடக்கம்பண்ணி, உம்மைக் குறித்துச் சாட்சி பகருவேன்."

"என் பொண்டாட்டிக்கும் நீங்கதான் பகர்ந்தீங்க. பன்னெண்டு வருஷம் முன்னாடி. முக்கால் மணி நேரம் பேசினீங்க."

"நினைவிருக்கிறது."

"அவளை ஜெமிமா ஜெமிமான்னே சொன்னீங்க. ஷோனெட் அவ பேரு."

கத்ரினின் ஊசி நின்றது. பாதிரியார் கையுறையைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்கு வேணும்கறதைச் சொல்லிடறேன்," என்றார் மடோக். "வடக்குச் சுவரோரம், அவளுக்கும் புள்ளைக்கும் பக்கத்துல, எனக்கு ஆறடி. பேச்சு வேண்டாம். உங்க பேச்சும் வேண்டாம், அவன் பேச்சும் வேண்டாம். என் புள்ளையப் புதைச்சப்ப உங்க ரெண்டு வீட்டுக்கும் வாய் இல்ல. எனக்கு மட்டும் எதுக்குத் திறக்கணும்?"

"அது கூடாது," என்றார் பாதிரியார். "அந்தப் புறம் நோட்டீஸ் வந்தால் அவர்கள் பேசுவார்கள். வராவிடில் நான் வாசிக்கக் கடமைப்பட்டவன். யாராகிலும் ஒருவர் பேசியே தீரவேண்டும்."

"அப்ப நான் சாகலை," என்று பாதிரியாரை வெளியே அனுப்பிவிட்டு மடோக் கதவைச் சாத்தினார்.

சாயங்காலம் பெப் வந்தார். கூடவே மொட்டைமலைக் குயில். அது எங்கள் தபால்காரர் தனக்கே வைத்துக்கொண்ட கவிப்பெயர். ஜெபவீட்டுப் பெண்கள் அடக்க விருந்துக்காக வேகவைத்த பன்றித் தொடை ஒன்றும் துணி சுற்றி வந்தது. நான் வீட்டுக்குள்ளேயே சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். இதைப் பார்க்காமல் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

மடோக்கை நாற்காலியில் பார்த்ததும் பெப் கொஞ்சமும் கூசவில்லை. ஏமாற்றப்பட்டவர்போல நின்றார்.

"டாக்டர் வேற மாதிரி சொன்னாரே."

"டாக்டரை மாத்திப் பாரு செப்பனியா."

"அண்ணே, ஒரு நல்ல சேதி. உங்களச் சபையில திரும்பச் சேர்த்துட்டோம். ஒருமனதா."

"என்னைக் கேக்காம வெளிய தள்ளினீங்க. கேக்காம உள்ள இழுத்துட்டீங்க. அது என்ன சபையா, இல்ல காத்துல ஆடற கதவா?" மடோக் தபால்காரரைப் பார்த்தார். "அந்தத் தாள் என்ன?"

"உங்களுக்கு எழுதின இரங்கற்பா," என்றார் குயில், கொஞ்சம் பெருமையாக.

"படி, கேப்போம்."

குயில் தொண்டையைச் செருமினார். "பனி படர்ந்த சிகை கொண்ட பெருமலையே, சாய்ந்தனையோ..."

மடோக் குல்லாவைக் கழற்றினார். அவர் தலையில் ஒரு முடி கிடையாது. "இதுல எங்கடா பனி படரும்?"

"அது பொதுவா எழுதறது," என்றார் குயில்.

"அப்ப பத்திரமா வெச்சுக்க. வேற யாருக்காவது ஆகும்."

போகும்போது பெப் பன்றித் தொடையைத் திரும்ப எடுக்கப் பார்த்தார். மடோக் அதன்மேல் கை வைத்தார். "என் சாவுக்கு வந்தது என் வீட்டுலதான் இருக்கும்."

அந்தத் தொடையை அவர் பதினோரு நாள் சாப்பிட்டார். ஓட்ஸ் ரொட்டியோடு, கஞ்சியோடு, சும்மாவும். மூன்றாம் நாள் இருமல் குறைந்தது. ஐந்தாம் நாள் வாசலில் வந்து நின்று, ஜெபவீட்டுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போகிற எண்பது பேரையும் எண்ணினார். அவர்கள் பயிற்சி செய்தது அவருடைய அடக்கத்துக்கான பாட்டு.

பெப் பாதிரியாருக்கு இன்னொரு கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது: "மேற்படி அடக்கம் ஒத்திவைக்கப்படுகிறது." பாதிரியார் அதைப் படம்போல் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் ஷெர்ரி ஒயின் கொடுத்து அதையும் காட்டினார்.

அபர்க்ளெட் கிழவி வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தாள். மாவட்டத்தின் முதல் அடக்கம் என்று பத்திரிகையில் ஒரு முழுப் பத்தி வந்தது. பெப் இரண்டு நாள் கடையில் யாரோடும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, முதல் என்பது வெறும் தற்செயல், பெரியது என்பதுதான் சாதனை என்றார். மடோக்கின் அடக்கம் மாவட்டத்திலேயே பெரியதாக இருக்கும். மூன்று போதகர்கள் பேசுவார்கள். பெப்பும் பேசுவார், சுருக்கமாக ஒரு மணி நேரம்.

மடோக் நவம்பரைத் தாண்டினார், கிறிஸ்துமஸைத் தாண்டினார். ஜனவரிப் பனியில் மறுபடி படுத்தார். இந்த முறை பன்றித் தொடை வேலை செய்யாது என்று அவருக்கே தெரிந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, படுக்கைக்கு அடியில் கையை விட்டு ஒரு தாளை எடுத்தார். வெண்ணெய்க் கறை படிந்த, பெப் அச்சடித்த அதே சட்டத் தாள்.

"மெதுவா படி. எல்லாத்தையும்."

படித்தேன். ஆறாவது பிரிவு வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அங்கே, இப்படி நடக்கும் அடக்கம் கிறிஸ்தவ முறைப்படியான ஆராதனையோடும் நடக்கலாம், எந்த ஆராதனையும் இல்லாமலும் நடக்கலாம் என்று இருந்தது.

"திரும்பப் படி."

திரும்பப் படித்தேன்.

"'இல்லாமலும்'னா?"

"இல்லாமலும்னுதான் போட்டிருக்கு. கீழ இன்னொண்ணும் இருக்கு. அங்க ஒழுங்கைக் கெடுக்கறவங்கமேல போலீஸ் வழக்குப் போடலாம்."

மடோக் சிரித்தார்; சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. "பத்தொன்பது வருஷம் அவன் நாய் மாதிரி அலைஞ்சது எனக்காகத்தான்டா ரைனால்ட். அவனுக்கே தெரியாது." பிறகு மகளைப் பார்த்தார். "பொறுப்பானவங்க கையெழுத்துப் போடணும். நீதான் போடணும். போட்டா அவன் உனக்குத் துணி தரமாட்டான்."

கத்ரின் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் அறுத்தாள். "எங்க போடணும்னு காட்டுங்க," என்றாள் என்னிடம்.

"செத்தப்புறம் போடும்மா," என்றார் மடோக். "நாமளும் அவன மாதிரி முந்திக்க வேண்டாம்."

பிப்ரவரி எட்டாம் தேதி, செவ்வாய் காலை, மடோக் போய்விட்டார். கத்ரின் கண்ணைக்கூடத் துடைக்காமல் மேசையில் உட்கார்ந்து எழுதினாள். பதினொரு மணிக்கு பாதிரியார் வீட்டில் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். கேட்டருகே பெப், கையில் புது நோட்டீஸ், பின்னால் அதே நாலு சாட்சிகள். இந்த முறை ஆள் செத்துவிட்டானா என்று நிச்சயப்படுத்திக்கொண்டு வந்ததில்தான் தாமதம்.

"என்னம்மா கத்ரின், துக்கத்துல நீ எதுக்கு அலையற? பொறுப்பெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"குடுத்துட்டேன் முதலாளி. மகள் இருக்கப்ப நண்பர் எதுக்குன்னு பாதிரியாரே வாங்கிட்டாரு."

"யாரு பேசறா? என்ன முறை?"

"யாரும் பேசல. முறை கிடையாது. உங்க தாள்ல ஆறாவது பிரிவு."

பெப் ஆறாவது பிரிவைப் படித்ததில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் அச்சடித்தார், அவ்வளவுதான். "எண்பது பேர் நாலு மாசமா பாடிப் பழகியிருக்காங்க. மூணு போதகருங்க ரயிலேறிட்டாங்க. உங்க அப்பன் செத்தும் எங்கள அவமானப்படுத்தறானா?" குரலைத் தாழ்த்தினார். "இதக் கிழிச்சுப் போட்டுடு. இல்லன்னா நாளையிலேர்ந்து தையலுக்குன்னு கடை வாசல்ல வந்து நிக்காத."

"சரி முதலாளி," என்றாள் கத்ரின். "நேரம் மட்டும் நீங்க முன்னாடி போட்டதுதான். வியாழன் ரெண்டு மணி. அப்பா மாத்த வேண்டாம்னு சொல்லியிருந்தாரு."

வியாழக்கிழமை மழை பெய்தது. ஆயிரத்து ஐந்நூறு பேராவது வந்திருந்தார்கள். தட்டிகளும் அழைப்புகளும், தேதி மட்டும் இல்லாமல், ஒரு வாரம் முன்பே போய்விட்டிருந்தன. பொதுச்சாலைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பதால் ஒரு மைல் தூரமும் பாடிக்கொண்டே வந்தார்கள். நன்றாகவே பாடினார்கள், அதை மறைக்க முடியாது. கல்லறைத் தோட்டத்து வாசலில் கான்ஸ்டபிள் நின்றார். பாதிரியார் ஏற்பாடு. பாட்டு வாசலிலேயே, ஒரு வரியின் நடுவில், நின்றுபோனது.

பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

பெட்டியை இறக்கினோம். இடப்பக்கம் ஷோனெட். அதற்கும் அப்பால் கல் இல்லாத ஒரு சின்ன மேடு, அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மடோக் தன் கையால் அடுக்கிய கல்வரிசை. குழியின் தலைமாட்டில் பாதிரியார் நின்றார். புத்தகத்தை மூடி, பக்கத்தில் விரலை வைத்திருந்தார், யாராவது கேட்டால் உடனே திறக்கலாம் என்று. கால்மாட்டில் பெப் நின்றார். கோட்டுப் பையில் ஒரு மணி நேர உரை நனைந்துகொண்டிருந்தது. அவர் பின்னால் மூன்று போதகர்கள், அவர்கள் பின்னால் குயில், கையில் முந்நூறு பிரதி இரங்கற்பா. பனி படர்ந்த சிகை அப்படியேதான் இருந்தது.

பெப் ஒருமுறை மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். கான்ஸ்டபிள் ஒரு எட்டு முன்னால் வந்தார். பெப் வாயை மூடிக்கொண்டார். அதைப் பார்த்து பாதிரியார் உதட்டோரம் ஏதோ அசைந்தது. கத்ரின் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அதுவும் அடங்கியது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கடைசி மண் விழுந்து மேடு தட்டி முடிக்கும்வரை யாரும் இடத்தை விட்டு நகரக்கூடாது. அன்று அதற்குமேல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: முதலில் நகர்கிறவன் தோற்றவன் என்று பாதிரியாரும் நினைத்தார், பெப்பும் நினைத்தார். இருவரும் குழியின் இரண்டு முனையிலும் ஒருவரை ஒருவர் முறைத்தபடி நின்றார்கள். மழை வலுத்தது. பாதிரியாரின் தொப்பி விளிம்பிலிருந்து ஒழுகி அவர் மூக்கு நுனியில் நின்றது. பெப்பின் கறுப்புக் கையுறைச் சாயம், அவர் கடைச் சாயம்தான், மணிக்கட்டில் ஓடியது.

வழக்கமாக அந்த அளவுக் குழியை மூட எனக்கு இருபது நிமிஷம் ஆகும். ஒரு மண்வெட்டி பெரியது, இன்னொன்று பூச்செடிக்கு மண் அள்ளுகிற சின்னது. சுவரில் இரண்டும் சாய்ந்திருந்தன. கத்ரின் என்னைப் பார்த்தாள், பிறகு வேறு பக்கம் பார்த்தாள்.

நான் சின்னதை எடுத்தேன்.